தலையணைச் சீட்டு

குன்றக்குடி முருகன் துணை

அமராவதிபுதூர்,
சித்திரை 9.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. கருத்தையா அவர்கள் சமூகத்துக்கு, ஹரீஷின் தகப்பன் சேவுகப்பெருமாள் தலைகவிழ்ந்து எழுதிக்கொண்டது.

இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆகையால் நலத்தை இரண்டு பக்கமும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் "அட விடுங்க சம்பந்தி" என்பீர்கள், அதைக் காதால் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் எழுதி ஹரீஷிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தாளின் நாலு மூலையிலும் தடவியிருப்பது வெறும் மஞ்சள். நல்ல காரியக் கடிதத்துக்கு எல்லாரும் தடவுவதுதான், வேறு எதுவும் நினைத்துவிட வேண்டாம்.

மருமகள் துர்காதேவி உங்களிடம் எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. என்னை விட்டுக்கொடுக்காமல் பாதியை மறைத்திருப்பாள், மீதியை நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் எனக்குக் கழுத்துவலி என்று ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள் அதை மனசில் வைத்திருந்து பங்குனி அமாவாசைக்கு ஓர் இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுவந்து கொடுத்தீர்கள். படுத்து எழுந்தால் கழுத்து திரும்பவில்லை. மறுநாள் போர் மோட்டார் புகைந்தது, அதற்கு மறுநாள் பசு உதைத்துப் பால் சொம்பு நசுங்கியது, மூன்றாம் நாள் என் மனைவி புஷ்பவள்ளி சட்னி அரைக்கும்போது மிக்ஸி மூடி பறந்துபோய்ச் சாமி படத்தில் அடித்தது, படம் விழுந்த சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுச் சின்னச்சாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வீட்டுக்குள்ள புதுசா என்ன பொருள் வந்துச்சு சார்?" என்று கேட்டார். நானாவது காதில் விழாததுபோல் இருந்திருக்கலாம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன், பேய் பிசாசு கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன், அரிவாள்மணையை எடுத்துத் தலையணையைக் கிழித்தேன்.

உள்ளே பஞ்சுக்கு நடுவில் சிவப்பு நூல் கோத்த ஓர் ஊசி. ஏழு கறுப்பு விதை. ஊசியில் குத்தியிருந்த ஒரு சீட்டு, அதில் உங்கள் கையெழுத்து. "சேவுகப்பெருமாள். கழுத்து. நல்லா அமுக்கவும். வாயை இறுக்கித் தைக்கவும். அமாவாசைக்குள் முடிக்கவும்."

சம்பந்தி, என் இடத்தில் இருந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். "துர்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் புஷ்பவள்ளி. "அவ அவங்கப்பன் மகதானே" என்றேன். சொன்னது நான்தான், சின்னச்சாமி இல்லை. மருமகள் அடுப்படியில்தான் நின்றாள், கேட்டிருப்பாள்.

சின்னச்சாமி போய்க் கோடாங்கி இருளாண்டியைக் கூட்டிவந்தார். அவர் உடுக்கை அடித்து, கண்ணைச் செருகி, "இது தெக்க இருந்து வந்த பொருளு, எரிச்சாத்தான் அடங்கும்" என்றார். தெருவே கூடி நிற்க, தலையணையை வாசலில் போட்டுக் கொளுத்தினேன். இலவம்பஞ்சு ஓரிடத்தில் கிடந்து எரிகிற சாமானா? பாதி எரிந்தது, மீதி காற்றில் கிளம்பிச் சின்னச்சாமி வீட்டு வடகத்தில் ஒட்டியது, இருளாண்டியின் மீசையில் ஒட்டியது, அவர் தும்மிக்கொண்டே உடுக்கை அடித்தார்.

அப்போதுதான் துர்காதேவி வெளியே வந்து சீட்டை வாங்கிப் படித்தாள். உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, "அப்பா, தலையணை தைக்கிறவருக்கு என்ன எழுதிக் குடுத்தீக?" என்று மட்டும் கேட்டாள். இங்கே நடப்பது தெரியாமல் நீங்கள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள்.

"ஒங்க மாமா பேரு, கழுத்துவலிக்குன்னு எழுதுனேன் தாயி. பஞ்சை நல்லா அமுக்கி வைக்கச் சொன்னேன். இலவம்பஞ்சு வெளிய வந்துரும்ல, அதான் தலையணை வாயை இறுக்கித் தைக்கச் சொன்னேன். அமாவாசைக்கு அங்குட்டு வர்ற சோலி இருந்துச்சு, அதுக்குள்ள முடிக்கச் சொன்னேன். நம்ம மரத்துப் பஞ்சுதான், நானே உக்காந்து கொட்டை எடுத்தேன். கண்ணு சரியாத் தெரியலை, ஒண்ணு ரெண்டு கெடந்தாலும் கெடக்கும். மாமாவுக்கு இப்பக் கழுத்து தேவலையா?"

தைக்கிறவர் சீட்டை ஊசியில் குத்திப் பஞ்சில் வைத்து, மறந்து அப்படியே தைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருளாண்டி உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார். துர்காதேவி என்னைப் பார்த்து, "மாமா, எங்கப்பா ஒங்களை எதுவும் செய்யணும்னு நெனச்சா நேர்ல வந்து சொல்லிட்டுத்தான் செய்வாக. எழுதி ஒளிச்சு வைக்கத் தெரியாது" என்றாள். பத்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்றோடு ஐந்து நாள். புஷ்பவள்ளி சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கிறாள், "சாப்பிடுங்க" என்று சொல்வதில்லை. ஹரீஷ் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைத்தெருவுக்குப் போனால் என் பழைய மாணவர்கள், "சார், கழுத்து எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்கள். கழுத்துவலி சுத்தமாகப் போய்விட்டது, அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. தலையணை இல்லாமல் படுப்பதால்தான் என்று புஷ்பவள்ளி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நீங்கள் கண் தெரியாமல் உட்கார்ந்து கொட்டை எடுத்த பஞ்சை நான் நடுவாசலில் கொளுத்தினேன். அதைவிட, "அவங்கப்பன் மகதானே" என்றேன் பாருங்கள், அதுதான் தொண்டையிலேயே நிற்கிறது. உங்கள் மகளாக இருந்ததால்தான் தெருவில் வைத்து என்னை ஒரு வார்த்தை ஏசாமல் போனாள். இனிமேல் தகடு, தாயத்து, மந்திரித்த எலுமிச்சம்பழம் எதுவும் என் வாசல்படி ஏறாது. முருகன்மேல் ஆணை. மருமகளை அனுப்பிவையுங்கள். நானே வந்து அழைக்க வேண்டும் என்றாலும் வருகிறேன், உங்கள் தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம், அவர்கள் ஏற்றுக்கொண்டால். துர்காதேவிக்கு என் ஆசி, அவள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படும்
சேவுகப்பெருமாள்

பி.கு.: மேலே நாலு மூலையிலும் வெறும் மஞ்சள் என்று எழுதினேன். மூன்று மூலைதான் வெறும் மஞ்சள். இடது பக்கக் கீழ்மூலையில் இருப்பது இருளாண்டி நேற்றுக் கொண்டுவந்தது. அவர் வாசல்படி ஏறவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுதான் கொடுத்தார். தொட்டவர் மனசு இளகுமாம். மருமகள் வீட்டுக்கு வரத்தானே என்று தடவிவிட்டேன், இப்போது எழுதும்போதே உடம்பு கூசுகிறது. இதற்குள் நீங்கள் அந்த மூலையைத் தொட்டிருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். தொடவில்லையென்றால், ஒரே ஒரு தடவை தொட்டுவிடுங்கள்.