ஒரு பைக்கு ஐந்து பெயர்

என் கோப்பில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்பிரதி இருக்கிறது. அனுப்பிய நேரம் செவ்வாய்க்கிழமை காலை 11.14. அனுப்பியவர் காஜா மைதீன் என்று போட்டிருக்கிறது. எழுதிய மகாபாவி நான்.

அந்த நாளில் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கொள்கைதான். ஒரு பக்கத்தில் ஒரு சொல் இரண்டு முறை வந்தால் எழுதியவன் தரித்திரன். மாட்டுங்கா நடைபாதையில் ஒத்த சொற்களும் எதிர்ச்சொற்களும் தொகுத்த தடித்த அகராதி ஒன்று வாங்கியிருந்தேன் (வாங்கிய தேதி, கிழமை, நேரம் மூன்றும் முதல் பக்கத்தில் உண்டு). செம்பூர் அலுவலகத்துக்கு நான் எழுதும் விடுப்புக் கடிதத்தில் ஒரே காய்ச்சல் மூன்று பெயர்களில் வரும். "மூணு வியாதியா?" என்று மேலாளர் கேட்டதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவன் நான்.

தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். காஜா பாயின் கார்கானா எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. இரண்டு தையல் மெஷின், நான்கு ஆட்கள். அவர் தைத்த தோல்பைகளை இத்தனை வருடமும் மாஹிம் வியாபாரி ஒருவர் வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்றுவந்தார். நார்வேயில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், யாரோ பயணியின் தோளில் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, விசாரித்து நேராகப் பாய்க்கே எழுதிவிட்டார். விவரம் திருப்தியாக இருந்தால் இருநூறு பை எடுப்பாராம். பாயின் சொந்தப் பெயரில் வந்த முதல் விசாரணை அது.

"பை ஒண்ணுதான் வே. தோலு அசல். தையல் நல்லா நிக்கும். ரெண்டு மாசத்துல குடுத்துருவோம். இவ்ளோதான், நறுக்குன்னு எழுதிரும்" என்றார் பாய்.

நறுக்கென்று எழுதுவதா, நானா? முதல் வரியில் 'பேக்'. இரண்டாவது வரியில் அதுவே 'சாட்செல்'. அப்புறம் 'பவுச்', 'ஹேவர்சாக்'. ஐந்தாவது வரியில் 'வலீஸ்'. நல்லதைச் சொல்ல அதன் எதிர்ச்சொல்லை மறுத்து எழுதினால் கம்பீரம் என்றும் எனக்கொரு நம்பிக்கை. ஆகவே, எங்கள் தோல் நாற்றமடிக்காது என்றும் தையல் பிய்ந்து போகாது என்றும் எழுதி, படம் ஒன்றையும் இணைத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது.

ஐந்து வகைப் பொருள் செய்வது தெரிந்து மிக்க மகிழ்ச்சி, வகைக்கொரு மாதிரி தைத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். கூடவே ஒரு கேள்வி: தோல் நாறாது என்று தனியாகச் சொல்கிறீர்களே, யாராவது புகார் செய்தார்களா?

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சந்து முழுவதும் மதிக்கும் ஆங்கில மேதை எப்படிச் சொல்வான்? "அஞ்சு தினுசு கேக்காங்க பாய்" என்றேன்.

"அஞ்சா! நாம ஒண்ணுதானவே சொன்னோம்?" பாய்க்குக் கண் பிதுங்கியது. அடுத்த நிமிடமே, அல்லாஹ் கதவைத் திறந்துவிட்டான் என்று கத்தரியை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமைக்குள் கார்கானாவில் மற்ற வேலையெல்லாம் நின்றுபோனது. அந்த ஆர்டருக்கென்றே ஒதுக்கி வைத்த முதல்தரத் தோலில் பாதி துண்டு துண்டாகிவிட்டது. சுருக்குப்பை மாதிரி ஏதோ ஒன்று தயாராகி 'பவுச்' ஆனது. வலீஸில்தான் சிக்கல்.

"வலீஸ்னா என்ன வே?"

அகராதியைப் புரட்டினேன். "சின்னப் பெட்டி மாதிரி, பாய்."

"பெட்டியா? நான் பை தைக்கவன்லா. ஆசாரியா?"

அப்போதுதான் கல்லூரியிலிருந்து அவர் மகள் சபீனா வந்தாள். தமிழில் கடை போர்டைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. வாப்பாவின் போனை வாங்கி, நான் எழுதியதையும் பதிலையும் படித்தாள். மறுபடி படித்தாள்.

"வாப்பா, ருக்கோ! கட் பண்ணாதீங்க. அங்கிள், ஏக் ஹீ பேக் ஹை நா? ஒரே பேக்குக்கா அஞ்சு பேரு வச்சீங்க? க்யூன்? எதுக்கு?"

"ஸ்டைலும்மா" என்றேன்.

இரண்டு மெஷினும் ஒன்றாக நின்றன. பாய் கையிலிருந்த அரைகுறை வலீஸைப் பார்த்தார், தரையில் கிடந்த தோலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பேக்கு பேக்குன்னே எழுதியிருந்தா உம்ம கை முறிஞ்சிருமா வே?"

பதிலைச் சபீனாவே எழுதினாள். நான்கு வாக்கியம், அதில் 'பேக்' ஏழு முறை (எண்ணினேன், வேறென்ன செய்வது). நாங்கள் செய்வது ஒரே பை, கடிதம் எழுதியவர் சொல் ஆர்வம் மிகுந்தவர், புகார் எதுவும் இல்லை, தோலுக்குத் தோல் வாசனைதான் இருக்கும். அவ்வளவுதான்.

ஆர்டர் வந்தது. இருநூறு அல்ல, எண்பது. ஆனாலும் எண்பதின் உள்பக்கத்திலும் காஜா மைதீன் என்ற பெயரே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே பாய் என்னை மன்னித்தார்.

அவர் வீட்டார் இன்னும் மன்னிக்கவில்லை. போன பெருநாளுக்கும் நான் சாப்பிடப் பாயில் உட்கார்ந்ததுமே பாயின் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணனுக்குச் சோறு வைக்கவா, சாதம் வைக்கவா, அன்னம் வைக்கவா?"

எண்பதாகக் குறைந்தது ஏன் என்பது மட்டும் தெரியவில்லை. முதல் தடவை என்பதால் என்கிறார் பாய். நாற்றத்தால் என்கிறாள் சபீனா. அந்த அம்மாள் காரணம் எழுதவில்லை. கேட்டு எழுத என்னை யாரும் அனுமதிப்பதாக இல்லை. என் குறிப்பேட்டில் 'எண்பது' என்ற வரிக்கு எதிரே 'உறுதி செய்யப்படவில்லை' என்றே இருக்கிறது.