முன்பணக் கார்டும் சம்பந்தி விருந்தும்

உணவக மேஜைக்கு அடியில் கைப்பேசி அதிர்ந்தது. குனிந்து பார்த்த ஆர்லீனுக்கு வாயிலிருந்த நண்டு வடை வாயிலேயே நின்றுவிட்டது.

காலையில் அவள் பெட்ரோல் போட்டது பதினைந்து டாலருக்குத்தான். ஆனால் பங்க்காரர்கள் அவள் கார்டில் நூறு டாலரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாளில் விட்டுவிடுவார்களாம். குறுஞ்செய்தி அப்படித்தான் சொன்னது.

அது சாதாரணக் கார்டு இல்லை. சொந்த சலூன் மூழ்கி, திவால் மனு கொடுத்து, எந்த வங்கியும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காத காலத்தில் கிடைத்தது. முந்நூறு டாலரை முன்பணமாகக் கட்டினால், வங்கி அதே முந்நூறைக் கடனாகத் தரும். தன் பணத்தைத் தானே கடன் வாங்கி, தானே திருப்பிக் கட்டி, 'நான் நாணயமானவள்' என்று நிரூபிக்க வேண்டும். வேறொருத்தியின் சலூனில் முடி வெட்டிக்கொண்டே ஆர்லீன் ஒரு வருடமாக அதை நிரூபித்து வந்தாள்.

விருந்து பில்லுக்கு இப்போது அதில் மிச்சம் இருநூறுதான். இந்த நேரத்திலா இப்படி?

எதிரே மகள் டெஸ்ஸாவின் வருங்கால மாமனார் ராய்ஸ் லாங்ஃபோர்ட், கழுத்தில் பட்டு போ டையோடு. பக்கத்தில் முத்துமாலையோடு மாமியார் பெவர்லி. ஓரத்தில் டெஸ்ஸாவும் மாப்பிள்ளையும். அன்னாபொலிஸ் படகுத்துறையில் சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பம். செலவு யாருடையது என்று போனிலேயே சண்டை.

"விருந்து என்னோடது. பொண்ணைப் பெத்தவ நான்."

"அதெப்படி? பையனைப் பெத்தவன் சும்மா கையை வீசிக்கிட்டு வர்றதா?"

இருவரும் விட்டுக்கொடுக்காமலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கை கழுவும் சாக்கில் எழுந்த ஆர்லீன், பரிமாறும் ஆல்வினை ஓரம் கட்டினாள்.

"கண்ணு, நான் சொல்ற வரைக்கும் பில்லைக் கொண்டு வராத."

"நீங்களுமா... சரிங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றான் ஆல்வின். அவன் இழுத்த இழுப்பைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

கழிவறைக்குள் புகுந்து, அந்த நூறை விடுவிக்கச் சொல்ல வங்கிக்குப் போன் போட்டாள்.

"பாதுகாப்புக் கேள்விங்க. நீங்க முதல்ல வளர்த்த செல்லப் பிராணி பேரு?"

"பட்டன்ஸ்!"

"தப்புங்க."

"அப்போ கேப்டன். கேப்டன்!"

"அதுவும் தப்புங்க. கார்டு தானாப் பூட்டிக்கிச்சு. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டேர்ந்து பாதுகாப்பு?"

"இப்போதைக்கு உங்ககிட்டேர்ந்துதாங்க."

பின்னால் ஒரு கதவு திறந்தது. பெவர்லி.

"ஆர்லீன், நாய் ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"ஆமா... செத்துப் போச்சு."

"ஐயோ பாவம்! எப்போ?"

"முப்பது வருஷம் ஆச்சு."

பெவர்லிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத் துக்கத்தைச் சுமக்கும் சம்பந்தியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கையோடு மேஜைக்குப் போய், துக்கத்துக்கு இனிப்புதான் மருந்து என்று எல்லாருக்கும் சாக்லேட் கேக் சொல்லிவிட்டாள்.

பில் வளர்ந்தது. ஆர்லீனிடம் மிச்சமிருந்தது இன்னொரு கார்டு. எவ்வளவு பணம் போடுகிறோமோ அவ்வளவே ஓடும் ப்ரீபெய்டு கார்டு. அதில் இப்போது ஒன்றுமில்லை. கைப்பையில் வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸ் கத்தையாக இருந்தது. ஆனால் அந்த உணவகத்தில் ரொக்கம் வாங்குவதில்லை.

"கண்ணாடியைக் கார்ல வச்சிட்டேன்" என்று சொல்லித் தெருவைக் கடந்து மருந்துக்கடைக்கு ஓடினாள். ப்ரீபெய்டு கார்டில் பணம் ஏற்றித் தரும் கடை அது. முடித்துணுக்கு ஒட்டிய ஒரு டாலர் நோட்டுகளைக் கல்லாவில் கொட்டினாள்.

கல்லாக்காரி ஊதி ஊதி எண்ணினாள். "ஏத்தியாச்சு கண்ணு. ஆனா கார்டுல வந்து விழ அரை மணி நேரம் ஆகும்."

திரும்பி வந்தால் மேஜையில் சிப்பி மலை போல் குவிந்திருந்தது. ராய்ஸ் ஆல்வினின் காதில் ஏதோ கிசுகிசுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார். பெரிய வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆல்வின் போனான், இறால் தட்டோடு வந்தான்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க!" என்றார் ராய்ஸ். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அரை மணி நேரத்தை ஓட்ட வேண்டுமே. "ஆளுக்கு ஒரு காப்பி சாப்பிடலாமா?" என்றாள் ஆர்லீன்.

"நல்ல யோசனை!" ராய்ஸ் கிட்டத்தட்டத் துள்ளினார். "நிதானமா, பெரிய கப்புல!"

"அப்பா, நீங்க காப்பியே குடிக்க மாட்டீங்களே?" என்றான் மாப்பிள்ளை க்ளேட்டன்.

"இன்னைலேர்ந்து குடிக்கிறேன்டா!"

ராய்ஸ் தன் படகின் கதையைத் தொடங்கினார். படகு கரையை விட்டுக் கிளம்புவதற்குள் காப்பி ஆறிவிட்டது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஆர்லீன் தன் சிறுவயதுக் கதைக்குள் குதித்தாள்.

"எங்க வீட்டுக் குளியல் தொட்டியில ஒரு ஆமை இருந்துச்சு. அதுக்கு நான் வச்ச பேரு..." சட்டென்று எழுந்து நின்றாள். "ஷெர்மன்! நாய்க்கெல்லாம் முன்னாடி ஷெர்மன்தான்!"

"அம்மா, மெதுவா" என்றாள் டெஸ்ஸா.

"அதுவும் செத்துப் போச்சா?" என்று பெவர்லி கைக்குட்டையைத் தேடினாள்.

ஆர்லீன் அதற்குள் கழிவறையில் இருந்தாள். ஆமையின் பெயருக்குப் பூட்டு திறந்தது. வெளியே வரும்போது ப்ரீபெய்டு கார்டில் பணம் விழுந்த செய்தியும் வந்தது. ராணி மாதிரி நடந்து வந்து ஆல்வினைக் கூப்பிட்டாள்.

"பில்லு!"

ராய்ஸின் முகம் வெளுத்தது. "இப்பவேவா? இன்னொரு கேக்..."

"முடியாது ராய்ஸ். இது என் விருந்து."

இரண்டு கார்டையும் ஆல்வினிடம் நீட்டி, "இதுல பாதி, அதுல மீதி" என்று காதோடு சொன்னாள். ஆல்வின் தேய்த்தான். இயந்திரம் யோசித்தது. ஆர்லீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சீட்டு சரசரவென்று வெளியே வந்தது.

ராய்ஸ் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். "பெரிய மனசு ஆர்லீன் உங்களுக்கு! இப்படி ஒரு குடும்பம் கிடைக்க என் பையன் குடுத்து வச்சிருக்கணும்!"

டெஸ்ஸா அம்மாவைப் பெருமையோடு பார்த்தாள். திவாலான நாளிலிருந்து ஆர்லீன் காணாத பார்வை அது. அந்தப் பார்வைக்கு எத்தனை சிப்பி வேண்டுமானாலும் வாங்கலாம் என்றிருந்தது.

எல்லாரும் சிரித்துப் பேசியபடி படகுத்துறைப் பக்கம் நடந்தார்கள். கைப்பையின் மூலையில் தங்கிவிட்ட நோட்டுகளை ஆல்வின் கையில் திணித்தாள் ஆர்லீன்.

"ஏன் ஆல்வின், சும்மா சொல்லு. அந்த ராய்ஸுக்கு இருக்கிறது வயிறா, தண்ணித் தொட்டியா?"

ஆல்வின் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவர் எங்க மேடம் சாப்பிட்டாரு? 'என் கார்டுல என் கூடப் பொறந்த தம்பி பணம் போடுற வரைக்கும் பில்லைக் கொண்டு வந்துடாத, எதையாவது கொண்டாந்து வச்சுக்கிட்டே இரு'ன்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடியே என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டாரு!"