உப்புக்காக ஓர் உண்மை

வேலாயுதம் உண்மை வெளிவரட்டும் என்று முடிவெடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படியொரு நெருக்கடி வந்ததே இல்லை.

எல்லாம் உப்பு செய்த வேலை. போன வருஷம் இதயம் பலவீனமாகி, மூச்சுத் திணறி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். இடது நெஞ்சில் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் அது உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். வெளியேயிருந்து அந்த வேலையைச் செய்ய மனைவி வைதேகி இருக்கும்போது உள்ளே வேறு ஒன்று எதற்கு என்று நினைத்தார்.

கருவியின் அருமை வீட்டுக்கு வந்ததும்தான் புரிந்தது. காந்தத்தை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலாயுதம் அதைக் கொஞ்சம் விரித்துப் பொருள் கொண்டார். மிக்ஸியில் மோட்டார், மோட்டாரில் காந்தம். வாஷிங் மெஷினிலும் அதே கதை. ஃபிரிட்ஜ் கதவிலோ சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயனில் ஆரம்பித்து வரிசையாகக் காந்தப் பொம்மைகள். ஆகவே புக்கிட் பாத்தோக் வீட்டின் சமையலறை இனித் தன் உயிருக்கு ஆபத்து என்று மிகுந்த துக்கத்தோடு அறிவித்தார். வெங்காயம் உரிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி காயப்போடுவது எல்லாம் அன்றோடு ஒழிந்தன. வைதேகி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அவள் இவ்வளவு சுலபமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

அப்புறம், உப்பே ஆகாது என்ற டாக்டரின் சொல்படி சாப்பாடு வந்தது. சாம்பாரில் உப்பில்லை, ரசத்தில் இல்லை, முட்டையில்கூட இல்லை. முன்பெல்லாம் அவள் அசந்த நேரம் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுவிடுவார். இப்போது உப்பு ஜாடிக்கும் அவருக்கும் நடுவில் அவரே எழுப்பிய சுவர். கீழே பரோட்டாக் கடைக்குப் போனால் கடைக்காரன் ஃபஹத் காப்பியைத் தவிர எதுவும் தர மறுத்தான், அக்கா சொல்லிட்டாங்க லா என்று. ஃபேரர் பார்க்கில் பிரியாணி தேடிப் போன அன்றும் வைதேகியின் கோவில் தோழிகள் இரண்டு பேர் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வைதேகியோ சமையலறையில் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள். உப்பும் உறைப்புமாக அவளுக்கு மட்டும் தனிச் சமையல் நடக்கிறது என்று வேலாயுதம் துப்பறிந்தார். உள்ளே போயே ஆக வேண்டும். ஆனால் தான் சொன்னது பொய் என்று தன் வாயால் சொல்வதா? உண்மையை வேறு யாராவது சொல்லட்டும்.

கருவியைப் பரிசோதிக்கும் நாளில் வைதேகியையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். ஆஸ்மா என்ற நர்ஸ் மிஸ்ஸி நெஞ்சின் மேல் வட்டமான ஒரு பரிசோதனைக் கருவியை வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்றார். வேலாயுதம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அப்பாவியாக ஆரம்பித்தார்.

"மிஸ்ஸி, கிச்சன்ல மிக்ஸி, ஃபிரிட்ஜ்லாம் இருக்கு. நான் உள்ள போலாமா?"

"தாராளமா போலாம் அங்கிள். நெஞ்சோட அணைச்சுப் பிடிக்காதீங்க, அவ்வளவுதான். ஆனா ஹேண்ட்போனை ஏன் லெஃப்ட் பாக்கெட்ல வைக்கிறீங்க? அதுதான் வைக்கக் கூடாது."

ஒரு வருஷமாகக் காந்தத்துக்குப் பயந்த மனிதர் போனை அவசரமாக வலது பக்கம் மாற்றினார். மருத்துவம் ரொம்ப முன்னேறிவிட்டது என்று மனைவியிடம் வியந்தார். வைதேகி அவரைப் பார்க்கவே இல்லை. துணி காயப்போடலாமா, பாத்திரம் கழுவலாமா, வீடு துடைக்கலாமா என்று மிஸ்ஸியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் செய்யலாம், மூச்சு வாங்காத அளவுக்குச் செய்தால் இதயத்துக்கு நல்லது என்றார் ஆஸ்மா. போகட்டும், உப்புக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று வேலாயுதம் மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறை. அடுப்பில் இருந்தது ஒரே பாத்திரம். உள்ளே பூசணிக்காய்க் கூட்டு. நாக்கில் வைத்தார். அதே சப்பு. அலமாரியைத் திறந்தார். மஞ்சள் இருந்தது, மிளகு இருந்தது, சீரகம் இருந்தது.

"என்ன தேடுறீங்க?" வைதேகி பின்னால் நின்றாள்.

"உப்பு எங்க?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன். உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு சமைக்க மனசு வரல. நானும் இதைத்தான் சாப்பிடுறேன்."

வேலாயுதம் அலமாரியைச் சாத்தினார். வெட்கமாக இருந்தது. இந்தக் கூட்டையா அவள் விரல் சப்பிச் சாப்பிட்டாள்?

"வைதேகி, அந்தக் காந்தம் விஷயம்... நானாச் சொன்னதுதான்."

"தெரியும். உங்களுக்கு மயக்கம் தெளியறதுக்குள்ளயே எனக்கு எல்லாம் எக்ஸ்பிளெயின் பண்ணிட்டாங்க."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தே?"

"உள்ள உப்பு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கிற ஆளு, கடையில போய் வாங்கிட்டு வர மாட்டாருல்ல? அதான். இப்போ கீழ கடைக்கு ஓடலாம்னு பார்க்காதீங்க, அங்கயும் சொல்லியாச்சு."

கத்தியையும் வெங்காயக் கூடையையும் அவர் முன்னால் வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலாயுதம் உரிக்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் உப்பு என்று இருந்தது, அவர் கண்ணிலிருந்து வழிந்ததில் மட்டும்தான்.