என் தலையில் தேய்த்த பலூன்

குத்துக்கல்வலசை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வீரபாகு மச்சானுக்கு,

லிங்கேஸ்வரன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மகள் ஆனந்தவள்ளியும் சாரலில் நனைந்தபடி நலம். அங்கு ராஜஸ்தான் வெயிலில் நீங்கள் காய்ந்தபடி நலமாயிருக்க வேண்டுகிறோம். உங்கள் முகாமில் போன் எடுக்காது என்பதால் இந்தக் கடிதம்.

சித்திரை லீவில் வந்தபோது பலூனை ஆனந்தவள்ளி தலையில் தேய்த்து, காகிதத் துணுக்குகளைத் துள்ளி ஒட்ட வைத்தீர்கள் அல்லவா? "எங்கப்பாவும் செய்வாங்க" என்று அவள் இரண்டாம் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஹாஜரா டீச்சரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பு அறிவியலை இரண்டு தடவை எழுதியவன் நான். பிள்ளை முன்னால் தோற்றுவிடக் கூடாதே என்று ஒரே உதறல்.

அன்று விடியலில் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு, டீச்சர் முன்னால் டெம்போ வாசனையோடு நிற்க வேண்டாமே என்று தலை சொட்டச் சொட்ட நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, ஐந்தருவிக்குப் போய்க் குளித்தால், அங்கே சோப்பு சீயக்காய் போட விடமாட்டார்கள், எண்ணெய் பாதிதான் போயிற்று, மீதியோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். வெளியே சாரல். பலூனைத் தலையில் தேய் தேய் என்று தேய்த்து நீட்டினால் ஒரு துணுக்குகூட அசையவில்லை. "அங்கிள், கரண்ட் போயிட்டா?" என்றான் ஒரு பயல். ஆனந்தவள்ளி முகம் சுருங்கிவிட்டது. பதறிப்போய், பலூனைத் துணுக்குகள் மேலேயே வைத்து ஓர் அமுக்கு அமுக்கி எடுத்தேன். அத்தனையும் ஒட்டிக்கொண்டது! ஒரே கைதட்டல். நானும் கும்பிட்டேன். டீச்சர் மட்டும் ஒரு துணுக்கை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி இருந்தது.

திரும்பும்போது டெம்போவில் விசாரணை.

"யப்பா, மாமா செஞ்சப்ப பேப்பர் துள்ளிச்சுல்லா? இன்னைக்கு ஏன் துள்ளல?"

"ஏட்டி, பெரியாளு தலைக் கரண்டு நிதானமாத்தான் வரும்."

"சும்மா சொல்லாதீங்கப்பா. பலூன் பிசுபிசுன்னு இருக்கு."

அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "மாமா வரட்டும், கேக்கேன்" என்கிறாள். ஆகவே மச்சான், லீவில் வரும்போது அதுவும் ஒருவகை மின்சாரம்தான் என்று பட்டாளக் குரலில் அடித்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குற்றாலநாதர் உங்களுக்குக் குளிர்ந்த காற்றும் சீக்கிரம் லீவும் தரட்டும்.

அன்புடன்,
லிங்கேஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் திங்கள் சாயங்காலம் ஆகிவிட்டது. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். "அது கரண்ட் இல்ல டீச்சர், எங்கப்பா தலை எண்ணெய்" என்று ஆனந்தவள்ளியே வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டாளாம். டீச்சர் அவளை மெச்சி, எது மின்சாரம் இல்லை என்று காட்டுவதற்கு வரும் வெள்ளிக்கிழமை என்னை மறுபடியும் அழைத்திருக்கிறார். எண்ணெய்க் கிண்ணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டு மகள் சொல்லுகிறாள்: "நல்லா தேச்சுட்டு வாங்கப்பா. போன தடவ ரெண்டு பேப்பர் கீழ விழுந்துட்டு."