உன் அம்மா காபி இல்லை என்று சொன்ன நாள்

அன்பு மகள் மெர்சிஹாவுக்கு,

கிராட்ஸில் நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் கையில் தூக்காத என் பேத்தி நெய்ராவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, முதல் வரியிலேயே ஸலாம் சொல்லிவிடுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் சுகம். ஆச்சரியப்படாதே, இது என் கையெழுத்துதான். குளிர்காலம் முழுக்க வாசகசாலையில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது! ஒரு சொல்லை எழுதி முடித்துத் திரும்ப வாசித்தால், நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் காத்திருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் பழைய கார் வண்டியைப் பற்றி வாயைத் திறந்தாலே மாப்பிள்ளை பாதியில் சிரித்துவிடுகிறார். கடிதத்தில் குறுக்கே சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான்: நீங்கள் சரயேவோவில் வந்து இறங்கும்போது டாக்சி வேண்டாம். நெய்ரா முதன்முதலாக நம் வீட்டுக்கு என் வண்டியில்தான் வர வேண்டும். "அந்தக் கெழட்டு வண்டி புகைச் சோதனையிலயே தேறாது மாமா, எதுக்கு வம்பு?" என்று மாப்பிள்ளை கேட்டாரே, அது உண்மைதான், தேறவில்லை. தேறாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள், பதிவில்லாத வண்டியை நம் ஊர் எல்லையைத் தாண்டி ஓட்ட முடியாது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ரெஷாத்தைக் கூப்பிட்டேன். மர அறுவை ஆலை இயந்திரங்களை எல்லாம் பழுது பார்த்தவன்தானே. அவன் குனிந்து பார்த்துவிட்டு, "சைலன்சர் குழாயில புகையை மோந்து பாக்குற சென்சார் ஒண்ணு இருக்கு அண்ணே. அது செத்துப்போச்சு. புதுசு வாங்கிட்டு வா, மாட்டிடலாம்" என்றான். வாங்கி வந்தேன். ஆனால் பழையது கழன்றால்தானே? அதுவும் குழாயும் துருவேறி ஒரே உடம்பாகியிருந்தன. துரு எண்ணெய் விட்டான், தட்டினான், திட்டினான், அசையவில்லை. "முரட்டுத்தனமா முறுக்கினா திருகு மரை போயிடும், அப்புறம் குழாயையே மாத்தணும். குழாய் கொதிச்சா கொஞ்சம் விரியும். நீ மேட்டுப் பள்ளிவாசல் வரைக்கும் நல்லா ஓட்டிட்டு வா, வந்த சூட்டோட திருப்பிடுவோம்" என்றான்.

ஓட்டினேன் மகளே, வாலிபன் மாதிரி ஓட்டினேன். திரும்பி வந்து நிறுத்தியபோது குழாய் அடுப்புபோலச் சுட்டது. ரெஷாத் ஸ்பானரோடு நின்றான். ஆனால் உன் அம்மாவும் காபித் தட்டோடு நின்றாள். உதவி செய்ய வந்த மனிதன் காபி குடிக்காமல் எப்படி ஸ்பானரைத் தொடுவான்? முதலில் வரவேற்பு காபி. அப்புறம் பேச்சுக் காபி. அதற்குப் பிறகு, எழுந்து போகலாம் என்று சாடையாகச் சொல்கிற காபி. மூன்றும் முடிந்து வெளியே வந்தால், வண்டிக்கு அடியில் நம் பூனை அந்தக் குழாய்மேலேயே முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவு ஆறிப்போயிருந்தது. மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஒரு கோப்பையோடு நிறுத்துவது என்று ஒப்பந்தம். அந்த நேரம் பார்த்து நம் தெரு ஜுல்ஃபோ பெரியவர் தன் வீட்டு நீளமான ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவருக்கு வரவேற்பு காபி கொடுக்க வேண்டும், அவரைத் தனியாகக் குடிக்க விட முடியாது, ஆக எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். "ஹாசிப், ஒன் வண்டி பெட்ரோல்ல ஓடுதா, ஒன் பெண்டாட்டி காபில ஓடுதா?" என்று ஜுல்ஃபோ கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மறு சோதனைக்குக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது, "கொழந்தை யாரோ ஒருத்தன் வண்டியில வந்து எறங்கப் போகுது" என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா காபித் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் நான் சூடாக வண்டியை முற்றத்தில் நிறுத்தியபோது அவள் வாசற்படியில் வெறுங்கையோடு நின்றாள். ரெஷாத் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றப் போனான்.

"கழட்டாத தம்பி" என்றாள். "இன்னிக்கு வீட்ல காபி இல்ல."

ரெஷாத் ஒரு காலில் அப்படியே நின்றுவிட்டான். ஜுல்ஃபோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார், யாரோ இறந்த மாதிரி. மகளே, போர்க் காலத்தில் பார்லியை வறுத்துப் பொடித்து, அதைக் காபி என்று சொல்லித் தட்டில் வைத்தவள் உன் அம்மா. இல்லை என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் மூவரும் வண்டிக்கு அடியில் போனோம். ரெஷாத் ஸ்பானரைப் பிடிக்க, நாங்கள் அதன் நுனியில் தொங்க, கொதிக்கிற குழாய் கோழி மாதிரி ஒரு தரம் கத்தியது. சென்சார் சுழன்றது! மரை ஒன்றுகூடப் போகவில்லை! புதியதை மாட்டினோம், ரெஷாத் தன் கருவியைச் செருகி, வண்டியில் பதிவாகியிருந்த பழைய பிழையை அழித்து விளக்கை அணைத்தான். நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். உன் அம்மா காபி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டப்பா நிறைய இருந்தது. "ரெஷாத் என்னப் பத்தி என்ன நெனைப்பான்?" என்றாள். "நெய்ராவைப் பத்தி நெனைச்சுக்க" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

ரெஷாத் என்ன நினைத்தான் என்பது சாயங்காலம் தெரிந்தது. அவன் மனைவி ஒரு பொட்டலம் காபியோடு வந்தாள். பிறகு ஜுல்ஃபோ சர்க்கரைக் கட்டியும் காபியும் கொண்டுவந்து, "பென்ஷன் நின்னுபோச்சா ஹாசிப்? வெக்கப்படாம சொல்லு" என்று காதில் கேட்டார். இருட்டுவதற்குள் தெருவே காபியும் கையுமாக வந்து போய்விட்டது. எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே நிம்மதியாக வாருங்கள், வண்டி தயார், சோதனைக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி. மாப்பிள்ளைக்கு என் ஸலாமும் சின்னதாக ஒரு சிரிப்பும். நெய்ராவின் இரண்டு உள்ளங்காலுக்கும் முத்தம். வழியெல்லாம் அல்லாஹ் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதும்
உன் பாபோ ஹாசிப்

பின்குறிப்பு: கடிதத்தை அஞ்சலில் போட வண்டியிலேயே கிளம்பினேன். தெரு முனையில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. ரெஷாத் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வெளியே வராமலே பேசினான்: "அண்ணே, கோவிச்சுக்காத. இந்த வண்டிக்கு சென்சார் ரெண்டு. நாம கழட்டினது நல்லாத்தான் இருந்துச்சு. செத்தது பின்னால இருக்கு. துருவும் அதுலதான் ஜாஸ்தி." கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் இவ்வளவு அழகாக எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. குழாயைச் சூடாக்கினால் அதுவும் கழன்றுவிடும் என்கிறான். ஆனால் அலமாரி கொள்ளாமல் காபி இருக்கும்போது, கொடுத்தவர்களின் முகத்தைப் பார்த்து உன் அம்மா எப்படி இல்லை என்பாள்? ரெஷாத் உள்ளே மூன்றாவது கோப்பையில் இருக்கிறான். டாக்சிக்கே சொல்லிவிடு மகளே. வந்ததும் திரும்பிப் போக முடியாது என்று ஓட்டுநரிடமும் சொல்லிவை.