பன்னிரண்டு பரோட்டாவும் அப்படியா சாரும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு கணக்குக்குக்கூட விடை சொல்லாத கணக்கு வாத்தியார் எங்கள் அப்படியா சார் ஒருவர்தான். சிட்லபாக்கத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பள்ளியில் அவருக்கு ஏழாம் வகுப்பு. பக்கத்து அறையில் நான் தமிழ் நடத்துகிறேன்.

பிள்ளைகள் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அவர் "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். சாக்பீஸை யார் கையிலாவது கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் அது வகுப்பல்ல, மீன் மார்க்கெட். நான் நடத்தும் செய்யுள் எனக்கே கேட்காது.

"சார் பாடமே நடத்தறதில்ல, பசங்களையே பேச விடறாரு" என்று பெற்றோர் சிலர் தாளாளரிடம் போனார்கள். வகுப்பறையில் ஊசி விழுந்தாலும் கேட்க வேண்டும் என்பவர் அவர். "நாளைக்கு நானே வந்து பாக்கறேன். சரியில்லன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார்.

"சார், நாளைக்கு ஒரு நாளாவது நீங்களே நடத்திடுங்க" என்று அப்படியா சாரிடம் கெஞ்சினேன்.

"அப்படியா?" என்றார்.

மறுநாள் என் வகுப்புக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு, அவர் அறை ஜன்னலோரம் போய் நின்றேன். பலகையில் 'பன்னிரண்டை அரையால் வகு' என்றிருந்தது. விடை ஆறு என்று பாதி வகுப்பும், இருபத்துநான்கு என்று மீதி வகுப்பும் மல்லுக்கு நின்றன.

உள்ளே நுழைந்த தாளாளர், "இதுக்கா இவ்ளோ சத்தம்? ஆறுதான்" என்றார்.

"அப்படியா?" என்றது கடைசி பெஞ்ச்.

இருபத்துநான்கு கட்சியிலிருந்து நஸ்ரின் எழுந்தாள். "நீங்க ரெண்டால வகுத்துட்டீங்க சார். பன்னெண்டு பரோட்டா இருக்கு. ஆளுக்கு அரை பரோட்டா குடுத்தா எத்தன பேருக்கு வரும்?"

தாளாளர் சாக்பீஸை வாங்கிப் பன்னிரண்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் பாதியாகப் பிரித்து எண்ணினார். "இருபத்திநாலுதாம்மா."

ஆறு கட்சித் தலைவன் டேனியல் விடவில்லை. "வகுத்தா கம்மியாதான சார் ஆகணும்?"

"அதானே" என்ற தாளாளர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"துண்டு சின்னதானா ஆளு அதிகமாவாங்கல்ல?" என்றாள் நஸ்ரின்.

டேனியல் யோசித்தான். "அப்போ கால் பரோட்டான்னா நாப்பத்தெட்டு பேரு."

வகுப்பே கைதட்டியது. அதில் ஓங்கிக் கேட்டது தாளாளரின் கை.

வெளியே வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க கிளாஸ் ஏன் சார் இவ்ளோ அமைதியா இருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா பசங்களுக்கு?"

இப்போது மற்ற ஆசிரியர்களும் முறைபோட்டு அப்படியா சாரின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர் ஒரு நாள் லீவு போட்டால், மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் "அப்படியா?" என்று கேட்க ஆளில்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.