ஆறு ரீல் கலியாணம்

"இதோ, கோயில் மணி ஒலிக்கிறது! வெள்ளை உடுப்பிலே மணப்பெண் வருகிறாள்! மகா ஜனங்களே, கலியாணம்!" என்று படத்துக்குக் கதை சொல்லும் பற்றிக் தகரக் குழாயை வாயில் வைத்து முழங்கியதுதான் தாமதம், சினிமாக் கொட்டகை முழுவதும் கொல்லென்று சிரித்தது.

அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். திரையில் மணப்பெண்ணும் இல்லை, கோயிலும் இல்லை. ஒரு வாலிபன் கையில் ஒற்றைப் பெட்டியோடு கப்பலிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

பற்றிக் உடனே அடையாளம் கண்டுகொண்டான். அது படத்தின் கடைசி ரீல்!

பேசும் படம் கொழும்புக்கு வருகிறது, வருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, 1930இல் கொட்டாஞ்சேனைத் தகரக் கொட்டகைக்கு அது வந்து சேரவில்லை. அங்கே படங்களுக்கு வாய் பற்றிக்தான். திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றானென்றால், கிழவனுக்கு ஒரு குரல், குமரிக்கு ஒரு குரல், புயலுக்கு ஒரு குரல் என்று ஒரே தொண்டையில் உலகத்தையே கொண்டுவந்துவிடுவான். அவன் அழுதால் துறைமுகத் தொழிலாளர்கள் அழுவார்கள். 'படம் பாக்கப் போறன்' என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. 'பற்றிக்கைக் கேக்கப் போறன்' என்றுதான் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவன் பெரிய கெட்டிக்காரன்.

இந்தப் படம் ஏதோ ஒரு தீவிலுள்ள கடற்கரை ஹோட்டலில் நடக்கும் சிரிப்புப் படம். இடையிடையே வரும் எழுத்து எந்தத் தேசத்து எழுத்தென்று கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் ஊராக ஓடி, தலைப்பும் முடிவும் அறுந்து போயிருந்தன. அதனாலென்ன? படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பற்றிக்கே கதை கட்டினான். கலியாணம் முடித்த வாலிபன், கடலில் மூழ்கிய ஒரு தடியனைக் காப்பாற்றுகிறான். தடியனோ கடற்கொள்ளைக்காரன், கலியாணத்திலேயே பெண்ணின் உறவுக்காரன் போல் நடித்து நுழைந்தவன். நன்றி கெட்டவன் வாலிபனைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, அவன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். வாலிபன் ஹோட்டல் வெயிட்டராக வேஷம் போட்டு அவளை மீட்டுக் கப்பலேறுகிறான். கடைசியில் அவன் ஏன் தனியாக இறங்குகிறான் என்றால், மனைவி கப்பலுக்குள் களைத்துத் தூங்குகிறாள்! ஆறு நாளும் கைதட்டல் கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

இன்று ஏழாம் நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சி. பார்த்து இன்றைக்கா ரீல் வரிசை மாற வேண்டும்?

முன்வரிசையில் செபஸ்தியன் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மீசை. பக்கத்தில் அவருடைய ஒரே மகள் றஞ்சிதம். பற்றிக் பெண் கேட்டுப் போனபோது அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். "தம்பி, பொய் சொல்லிச் சீவிக்கிற தொழில் எண்டு கேள்விப்பட்டன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன். பாத்திட்டுத்தான் முடிவு."

பற்றிக் சட்டென்று சமாளித்தான். "கலியாணம் நடக்கப் போகிறது! அதற்காகக் கப்பலில் வந்து இறங்குகிறார் மாப்பிள்ளை!"

முதல் ரீல் தப்பியது. இருப்பது ஒரே மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் மாக்ரெட் அக்கா எழும்பினாள். அந்தப் படத்தை நாலு தரம் பார்த்தவள்.

"டேய் பற்றிக், பொஞ்சாதி கப்பலுக்குள்ள நித்திரை எண்டெல்லோ நேற்றுச் சொன்னாய்?"

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ."

இரண்டாம் ரீலில் வாலிபன் வெயிட்டர் உடுப்பில் தட்டேந்தி வந்தான். மேசையில் அந்தப் பெண். அவளுக்குப் பக்கத்தில் தடியன் உட்கார்ந்து, அவள் நெற்றியில் பாசமாக முத்தமிட்டான்.

"ஐயோ, கொள்ளைக்காரன் கொஞ்சுறான்!" என்று மாக்ரெட் அக்கா கத்தினாள்.

"கொள்ளைக்காரன் இல்லை! அவர் பெண்ணைப் பெற்ற தகப்பனார்!" என்று பற்றிக் அவசரமாக அறிவித்தான்.

கனத்த உடம்பு, பெரிய மீசை, பக்கத்தில் மகள். கொட்டகையில் அத்தனை தலைகளும் திரையைப் பார்த்தன. பிறகு ஒருமிக்கச் செபஸ்தியனைப் பார்த்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான்.

"ஆறு நாளும் கொள்ளைக்காரன் எண்டுதானே சொன்னாய்!" மாக்ரெட் அக்கா விடுவதாயில்லை.

"கொள்ளைக்காரனுக்கும் பிள்ளையள் இருக்கும்தானே, அக்கா!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. செபஸ்தியனின் மீசை ஒரு பக்கம் துடித்தது.

மூன்றாம் ரீலில் தடியன் வெயிட்டரைக் கழுத்தில் பிடித்துக் கடலில் எறிந்தான். கெட்டதைச் சரிக்கட்ட இதுதான் சமயம் என்று பற்றிக் குரலை உயர்த்தினான். "சபாஷ்! நல்ல தகப்பன் செய்யும் வேலை! எங்கிருந்தோ வந்தவன் கேட்டால் மகளைத் தூக்கிக் கொடுப்பதா?"

அவ்வளவுதான். ஆறு நாளாகத் தடியனைத் திட்டிப் பழகிய துறைமுகத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள்.

"என்ன மல்லி, அவனுக்கு வக்காலத்து வாங்குறியோ?" என்று ஒருவன் சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கத்தினான்.

"கடலுக்க போட்டவன் நல்லவனோ? இறங்கு கீழ!"

கடலைத் தோல்கள் பறந்து வந்தன. விளக்கு எரிந்தது. பற்றிக் முன்வரிசையைப் பார்த்தான். செபஸ்தியனுக்கு அவன் வக்காலத்தும் பிடிக்கவில்லை. றஞ்சிதம் தலை நிமிரவில்லை. தன்னைக் கேட்டு வந்தவனே, கேட்டால் கொடுப்பதா என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டானே! அவள் கையிலிருந்த லேஞ்சித் துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் பற்றிக்குக்கு எல்லாமே வெறுத்துவிட்டது. எல்லாம் போய்விட்டது, இனிச் சமாளித்து என்ன, சாமர்த்தியம் காட்டி என்ன? தகரக் குழாயைக் கீழே வைத்தான். பழைய கதையை மறந்தான். திரையைப் பார்த்து நின்று, கண்டதை மட்டும், மனத்தில் பட்டபடி சொல்லத் தொடங்கினான்.

நாலாம் ரீலில் ஹோட்டலில் மாறுவேஷ விருந்து. தடியன் ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக் கொள்ளைக்காரன் உடுப்பில் வந்தான். "பாருங்கள் இந்தத் தகப்பனை. தாயில்லாப் பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். ஒரே மகளும் போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடுமே என்று அவருக்குப் பயம். பயந்தவர்தான் இப்படிப் பயங்கர வேஷம் போடுவார்."

கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

ஐந்தாம் ரீலில் தடியன் கால் வழுக்கிக் கடலில் விழுந்தான். எறியப்பட்டவனே பாய்ந்து அவரைக் கரைசேர்த்தான். "ஐயா, நான் உங்கள் மகளைப் பறிக்க வரவில்லை. உங்களுக்கு மகனாக வந்தேன்," என்றபோது பற்றிக்கின் குரல் தழுதழுத்தது. ஆறாம் ரீலில் கோயில் மணி ஆடியது. மகளைக் கையில் பிடித்து நடந்து வந்த தடியன் விம்மினான். கொட்டகையே விம்மியது. "இது நேற்றையை விட நல்லாயிருக்கடா!" என்று மாக்ரெட் அக்கா மூக்கைச் சிந்தினாள்.

கூட்டம் கலைந்ததும் செபஸ்தியன் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "தம்பி, அருமையான கதை."

அந்த இடத்தில் வேறொருவனாயிருந்தால் வாயை மூடிக்கொண்டு கையைக் கொடுத்திருப்பான். ஆனால் பற்றிக்குக்கு மனது கேட்கவில்லை.

"ஐயா, உங்களிட்ட ஒளிக்கக்கூடாது. படம் இண்டைக்குத் தலைகீழா ஓடிட்டுது. நான் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில இட்டுக்கட்டினது. முழுப் பொய்."

செபஸ்தியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா நான் பெட்டி திறந்து பாக்கிறன். ஒருத்தனாவது உள்ளுக்க இருக்கிறதைத் தானாச் சொன்னதில்லை. நீ கேக்க முன்னமே சொல்லிப்போட்டாய். இப்பிடி ஒரு நேர்மையான பொடியனை நான் கண்டதில்லை," என்று அவன் தோளைத் தட்டினார். "வாற ஞாயிறு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாரும்."

போகும்போது றஞ்சிதம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பற்றிக் மெஷின் அறை ஏணியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். உள்ளே மெஷின்காரர் வேலுசாமி ரீல்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தைப் பிடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வேலுசாமி அண்ணே, இப்பிடித் தலைகீழா ஓட்டி என்ர உயிரை எடுத்திட்டீங்களே!"

வேலுசாமி கையை நிறுத்திவிட்டு அவனை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன தம்பி சொல்றே? ஆறு நாளாத்தான் பெட்டியில மேல இருந்தத மொதல்ல எடுத்து மாட்டித் தலைகீழா ஓட்டிக்கிட்டு இருந்தேன். பொண்ணப் பெத்தவரு வர்றாரே, இன்னைக்காவது நீ உண்மைக் கதையச் சொல்லட்டும்னுதான் ரீல் டப்பா மூடியில இருக்கிற நம்பரப் பாத்து ஒண்ணுலேருந்து வரிசையாப் போட்டேன்!"